மோதிர விரல் யாருடையது

நகம் வளர்க்கச் சொன்னவள் ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். வெட்டச் சொல்கிறவள் என் வீட்டிலேயே இருக்கிறாள். நடுவில் நான், வலக்கையில் வெட்டியும் இடக்கையில் வளர்த்தும் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நியாயம் செய்துகொண்டிருந்தேன். அம்மா அந்த இடக்கையைப் பார்க்கும்போதெல்லாம், "இது அரிசி களையுற கையாடி? பேய் கை" என்பாள். எந்தக் கை என்னுடையது என்று அந்த மாதங்களில் எனக்கே தெரியவில்லை.

வலக்கை சவுங்குக்கு. சவுங் என்பது பர்மியர்களின் வில் யாழ். படகு மாதிரி உடம்பு, அதன்மேல் இழுத்துக் கட்டிய மான் தோல், அன்னம் கழுத்தை வளைத்தது மாதிரி ஒரு மரவேர், அந்த வேரிலிருந்து தொங்கும் சிவப்புக் குஞ்சங்கள். மடியில் வைத்து விரல் சதையால் மீட்ட வேண்டும். நகம் பட்டால் நரம்பு அழும். யங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் சத்தத்துக்குச் சுவர் நடுங்கும் ஒரு மாடி வீட்டில், ரயில்வேக்காரர் மகளாகப் பிறந்த தமிழச்சிக்கு அது எப்படி வந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் வந்தது, அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் அதன் தலை எது வால் எது என்று தெரியாது. கோவில் கமிட்டியில் இருக்கும் என் அண்ணன் மட்டும் இன்றைக்கும், "நம்ம யாழ்தான் இது. நம்மளை மாதிரியே கப்பல்ல வந்து, இங்க பேரை மாத்திக்கிச்சு" என்று விசேஷ வீடுகளில் சொல்லித் திரிகிறான். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாழைக் கேட்டவர்கள் யாரும் இப்போது இல்லை என்பதால் அவனை யாரும் மறுப்பதில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோன காலத்தில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் மாலைநேரம் வாசிப்பேன். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த ஸ்காட்லாந்துக்காரி மட்டும் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மறுநாளும் வந்து கையைப் பார்த்தாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும், தானும் யாழ்க்காரிதான் என்றாள், ஆங்கிலத்தில், கொஞ்சம் வெட்கத்தோடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஹோட்டல் பையன்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் சயாமா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். ஆசிரியைக்கு இங்கே அப்படித்தான் சொல்வோம், ஆசிரியருக்குச் சயா.

அவளுடைய யாழின் கதை விநோதமானது. அவர்கள் நாட்டில் பித்தளைக் கம்பி கட்டிய ஒரு யாழ் இருந்தது. கிளார்சக் என்று பேர். பிரபுக்களின் வீடுகளில் பாணர்கள் வாசித்தார்கள். பிறகு பிரபுக்கள் போனார்கள், பாணர்கள் போனார்கள், கையிலிருந்து கைக்கு வந்தது ஒருநாள் எந்தக் கைக்கும் வராமல் நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு பழைய யாழ்கள் மிஞ்சின. பாட்டுகளைப் பிடில்காரர்களும் வேறு வாத்தியக்காரர்களும் தங்களுக்கு வசதியாக எழுதி வைத்தது மிஞ்சியது. அதையெல்லாம் தோண்டிப் படித்து, மரத்தைக் குடைந்து, கம்பியைக் கட்டி, சிலர் அதை மறுபடி வாசிக்கிறார்கள், சொல்லியும் கொடுக்கிறார்கள். அவள் அந்தச் சிலரில் ஒருத்தி. "எலும்பு கிடைத்துவிட்டது சயாமா, நடை கிடைக்கவில்லை" என்றாள்.

அடுத்த முறை வந்தபோது சின்ன கிளார்சக் ஒன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தாள். ஒரு கம்பியை மீட்டினேன். நிற்கவில்லை. புத்தர் கோவில் மணியைக் கட்டையால் அடித்துவிட்டுப் படியிறங்கின பிறகும் காதில் கேட்குமே, அந்த மாதிரி. அது நிற்பதற்குள் அடுத்ததை மீட்டினேன், அப்புறம் இன்னொன்றை. சந்தையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் விலை சொன்னதுபோல ஆயிற்று. இதுதான் தன் நோய் என்றாள் அவள். எந்தக் கம்பியை, எப்போது, எந்த விரலால் அடக்குவது? சுரத்தை எழுதினவர்கள் விரலை எழுதவில்லை. எழுதின ஓரிருவரும் அரைகுறையாக எழுதினார்கள். ஆனால் என் வலக்கையில் ஒன்றைப் பார்த்தாளாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீட்டும்போது, மோதிர விரல் சத்தமில்லாமல் வந்து, சற்றுமுன் மீட்டிய நரம்பைத் தன் பக்கவாட்டால் தொட்டுவிட்டுப் போகிறது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. என் கையில் அப்படி ஒன்று நடப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

யாழை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள், உங்கள் விரல் இதன்மேல் என்ன செய்கிறதென்று பார்க்க வேண்டும் என்று. அதற்கப்புறம் காலம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவளால் வர முடியவில்லை. ஹோட்டல் கூடத்தில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சவுங் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மீ இருக்கும் பிற்பகல்களில், அதாவது கரண்ட் இருக்கும் பிற்பகல்களில், போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அவளோடு பேசுவேன். எங்களுக்குப் பிற்பகல் என்றால் அவளுக்குக் காலை. அவள் எனக்கு நகத்தால் கம்பியை மீட்டச் சொல்லிக் கொடுத்தாள். நான் அவளுக்கு விரலால் அடக்கச் சொல்லிக் கொடுத்தேன். யார் யாருக்கு ஆசிரியை என்பதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா வெற்றிலையை மென்றுகொண்டு அந்தச் சின்னத் திரையையே பார்த்திருப்பாள். வெள்ளைக்காரிக்கு வீட்டில் வேலை வெட்டி கிடையாதா என்று கேட்பாள்.

வினை ஒரு வியாழக்கிழமை வந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். யாழ்க்காரர்கள் கூடின ஒரு கூட்டத்தில் இந்த விரலைப் பற்றிப் பேசிவிட்டாளாம். பழைய பாணர்கள் இப்படித்தான் கம்பியை அடக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் பர்மாவில் இன்னும் அறுந்துபோகாத ஒரு யாழ் மரபில் இதே விரல் இதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தன் மாணவர்களுக்கும் எழுதி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை வகுப்பு. அதில் ஒரு பெரியவர் வந்து உட்காரப் போகிறார். அவளுக்கு முன்னாலிருந்தே இந்த யாழை வாசிக்கிறவர், அவள் சொல்வதெல்லாம் கற்பனை என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறவர். அவர் தலையாட்டிவிட்டால் அவளுடைய பாடமுறை நிலைத்துவிடும், உதட்டைப் பிதுக்கினால் வந்திருக்கிற மாணவர்களும் கலைந்துவிடுவார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு இதை மட்டுமே நம்பி இருக்கிறவள்.

"உங்கள் சயாவும், அவருடைய சயாவும் இப்படித்தானே செய்தார்கள்?" என்று கேட்டாள். "சனிக்கிழமை நீங்களும் வந்து அதைச் சொன்னால் போதும்."

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இந்த விரலைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. மரபு என்றால் ஏன் கொடுக்கவில்லை? மரபு இல்லையென்றால் என் கையில் ஏன் இருக்கிறது? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் முகத்தில் ஒரு சின்ன நிழல் விழுந்தது, அல்லது சிக்னல் மங்கியது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதுதான் இந்தக் காலத்து நட்பு.

முதலில் அம்மாவைக் கேட்டேன். எதற்கு அவளைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவளுக்குச் சுரமும் தெரியாது தாளமும் தெரியாது. ஆனால் கேட்ட மறுநிமிஷம் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்கப்பா ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து படுத்திருப்பாரு. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து டொய்ங் டொய்ங்குனு ஆரம்பிச்சிருவ. அடக்குடி, மனுசன் தூங்கட்டும்னு நாந்தான் ஒன் விரலைப் புடிச்சு நரம்பு மேல வச்சேன்."

"நீயா வச்ச?"

"பின்ன ஒன் சயாவா வந்து வச்சாரு?"

சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. உலகத்தின் மறுகோடியில் பாணர்களுடைய விரல் என்று எழுதி அனுப்பப்பட்டது, வெற்றிலைக் காவியேறிய இந்த விரல்கள் பிடித்து வைத்ததா? சாயந்திரம் மறுபடி கேட்டேன், சரிபார்க்க. அப்போது அவள், அப்பா இல்லை, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தூங்கும், அதற்காகத்தான் என்றாள். விரலைப் பிடித்து வைத்தது நிச்சயமா என்றேன். வைத்திருப்பேன் என்றாள். எந்த விரல் என்றேன். தன் நடுவிரலைக் காட்டினாள்.

மறுநாள் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறி க்யிம்யிண்டைங் போனேன். படகுத் துறைச் சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பர்மிய அக்கா இருக்கிறாள். மமா என்று கூப்பிடுவேன். காலமாகிவிட்ட என் சயாவிடம் என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். சயாவின் கையைப் பற்றிக் கேட்க அவளைத் தவிர எனக்கு யாரும் மிச்சமில்லை. ரயில் ஊர்ந்தது. ஜன்னல் வழியே துணி காயப் போட்ட மாடிகள், கீரைப் பாத்திகள், மறுபடி மாடிகள். சயாவின் வலக்கையை மனதில் கொண்டுவர முயன்றேன். அவருடைய மூக்குக் கண்ணாடி வந்தது, இருமல் வந்தது, வாசிக்கும்போது உதட்டோரத்தில் அணைந்துபோன சுருட்டு வந்தது. கை வரவில்லை. அத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மமா ரோஜாக்களின் வாடிய இதழ்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பர்மியத்தில் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அந்த விரலா?" என்றாள். "அதுக்குத்தானே சயா உன்னை முறைப்பாரு. நரம்பைத் தடவாதே, அது பூனை இல்லேன்னு சொல்லுவாரே, மறந்துபோச்சா?"

அப்படியானால் தீர்ந்தது. சயாவுடையது இல்லை. மரபு இல்லை. நான் எழுந்திருக்கப் போனேன். மமா ஏதோ பழைய நினைப்பில் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் படித்த பாட்டை முனக ஆரம்பித்தாள். முனகும்போது அவளுடைய வலக்கை தன்பாட்டில் முழங்காலில் இறங்கியது. இல்லாத நரம்புகளை, இடுப்பில் சுற்றியிருந்த தமீன் துணிமேல் மீட்டியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல். பிறகு மோதிர விரல் மெதுவாக வந்து, போன நரம்பைத் தொட்டுவிட்டுப் போனது.

"மமா, உன் விரலைப் பாரு."

அவள் பார்த்தாள். கையை நிறுத்தினாள். மறுபடி முனகினாள், விரல் மறுபடி வந்தது. அது தன் கையே இல்லை என்பதுபோல ஈரத் துணியால் துடைத்தாள்.

"உன்கிட்டேருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டேருந்து உனக்கு வந்துச்சா?" என்றாள். "நம்ம ரெண்டு பேரையும்தான் முறைச்சாரோ என்னவோ. இல்ல, அவருக்கே இருந்திருக்கும். தன்னோட கெட்ட பழக்கத்தை அடுத்தவங்ககிட்டப் பார்த்தாத்தானே மனுசனுக்குக் கோபம் வரும்."

ஒரு கேள்வியோடு போய் மூன்று பதிலோடு திரும்பினேன். கையில் மமா கொடுத்த ரோஜாக் கட்டு வேறு. வரும் வழியெல்லாம் மடியில் பூவும் பூவுக்கு மேல் விரலுமாக உட்கார்ந்திருந்தேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் ஸ்காட்லாந்துக்காரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னது, அம்மா மாற்றிச் சொன்னது, மமா சொன்னது, மமாவின் விரல் செய்தது. எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவும் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலைப் பார்த்தேன். அங்கே மழையா வெயிலா என்றுகூடப் பிடிபடாத ஒரு வெளிச்சம்.

"அப்படியென்றால் இது மரபு இல்லையா?" என்றாள் கடைசியில்.

"எனக்குத் தெரியவில்லை."

"தெரியவில்லை என்பதை வைத்து நான் எப்படிப் பாடம் நடத்துவது?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பவளைப்போலக் கேட்டாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், மீ போய்விட்டது. அவள் முகம் அப்படியே உறைந்து நின்று, பிறகு அதுவும் போனது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமலே எனக்குச் சனிக்கிழமை விடிந்தது.

அன்றைக்கு மீ இருந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் அவளுடைய மாணவர்கள், ஒவ்வொருவர் தோளிலும் ஒரு யாழ். ஒரு கட்டத்தில் வெள்ளைத் தாடியோடு அந்தப் பெரியவர். கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய யாழ் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் ஒரு பழைய பாட்டின் முதல் வரியை வாசித்துக் காட்டினாள். மோதிர விரலோடுதான் வாசித்தாள். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொன்றும் முடிந்து அடுத்தது வந்தது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதுவும் குழப்பமாக இருந்தது. தப்பாகப் பிறந்திருந்தால் இவ்வளவு அழகாக எப்படி இருக்கும்?

பிறகு யாழைக் கீழே வைத்தாள்.

"இந்த விரலைப் பற்றி நான் உங்களுக்கு எழுதி அனுப்பியதை இப்போது நான் நம்பவில்லை," என்றாள். "நம்பாமலும் இல்லை. இது பாணர்களுடையதாக இருக்கலாம். யங்கோனில் இரண்டு சிறுமிகளுடையதாகவும் இருக்கலாம்."

ஒரு பெண் தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் கட்டிய கையைப் பிரித்தார். வகுப்பு கலையும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். அம்மையார், நீங்கள் அந்தக் கம்பியை ஏன் தொடுகிறீர்கள் என்றார். நான் சொல்ல வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது, "அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்."

இரண்டு மூன்று கட்டங்களில் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. தன் அப்பா இரவில் மீன் பிடிக்கப் போகிறவர், பகலெல்லாம் வீட்டில் நுனிக்காலில் நடப்போம் என்றார். பழைய பாணர்களின் வீட்டிலும் யாராவது தூங்கியிருப்பார்கள் என்று அவர் சொல்ல வந்தாரா, அல்லது தன் அப்பாவை மட்டும் நினைத்துக்கொண்டாரா? அவள் அவரையே பார்த்தாள். தனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று அவளுக்கும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு என்னைப் பார்த்து, சரி, உங்களிடம் புதிதாக வருகிறவர்களுக்கு எந்த விரலை முதலில் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். எந்த விரலையும் இல்லை என்றேன். முதலில் சவுங்கைத் தொடவே விட மாட்டோம். ஒரு கையில் சீ என்கிற சின்னத் தாளமும் மறு கையில் வா என்கிற கட்டையும் கொடுத்து, பாட்டைப் பாடச் சொல்வோம். பாட்டு வாய்க்கு வந்தபின்தான் கைக்கு. இப்போது வாசித்தீர்களே, அந்தப் பாட்டுக்கு வார்த்தை உண்டா என்றேன். உண்டு என்று அவள் தங்கள் நாட்டுப் பழைய மொழியான கேலிக்கில் ஒன்றரை வரி சொன்னாள். அவள் அம்மாவுக்குத் தெரிந்த மொழி, இவள் வளர்ந்த பிறகு வகுப்பில் படித்த மொழி. மீதி அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் ஒரு வரி சேர்த்தார். அது சரியான வரிதானா என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு பாடினார்கள். நான் இங்கே சீயும் வாவும் தட்டினேன். தாளம் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும் என்பதை நான் யோசிக்கவில்லை. பிந்தி வந்த என் தாளத்துக்கு அவர்கள் பிந்திப் பாடினார்கள். அது இன்னும் பிந்தி எனக்கு வந்தது. அவர்களுக்காக நானும் நிதானித்தேன். இரண்டு பக்கமும் மரியாதைக்காரர்கள். நீங்கள் முன்னால் போங்கள் என்று வாசலிலேயே நிற்பவர்கள்போல ஒருவருக்கொருவர் காத்து, பாட்டு மெதுவாகி, மேலும் மெதுவாகி, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு ரயிலே போகலாம் என்கிற அளவுக்கு ஆயிற்று. தப்பு என் பக்கமா அவர்கள் பக்கமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. அந்த நிலையில் மீ போய்விட்டது. பாட்டு எங்கே முடியும் என்று தெரியாததால் நான் இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்தினேன்.

மீ திரும்ப வந்தபோது அவளுடைய செய்தி போனில் கிடந்தது. நான் மறைந்த பிறகும் பாடினார்களாம், யாருடைய தாளத்தில் என்று தெரியாமலே. ஒரு மாணவர் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார், உறுதியாக ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் போகிறாராம். பெரியவர் அடுத்த வாரமும் வருகிறார். ஆனால் தன் விரலோடுதான் வருவாராம், இவளுடையதோடு இல்லை. தனக்கு வருத்தமா நிம்மதியா என்று புரியவில்லை, உங்களுக்குப் புரிகிறதா சயாமா என்று கேட்டு முடித்திருந்தாள்.

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த வெரலு யாருதுன்னுதான் முடிவாச்சு?"

"தெரியலம்மா."

"ஒனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. தாடிக்காரனுக்காவது தெரிஞ்சுதா?"

இல்லை என்றேன். அப்படியானால் அடுத்த சனிக்கிழமை அவனைக் கேள் என்று சொல்லிவிட்டு, அவள் பாக்கு வெட்டத் தொடங்கினாள்.